கீழ வரிசைக் கடைவாய்ப் பல்

மில் லைன் என்றால் ரெண்டே வரிசை வீடுகள்தான், மேல வரிசை, கீழ வரிசை, நடுவில் ஒரு மண்ரோடு. செல்லக்கனியின் வாயிலும் அதே ரெண்டு வரிசைதான், எந்தப் பல்லுக்கு எந்த வீடு என்று லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஞ்சாலை ஓடிய காலத்தில் கட்டிய வீடுகள் அவை, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். கல்யாணமாகி அவள் வந்து இறங்கிய வருஷமே கீழ வரிசையில் ஒரு கூரை சரிந்தது, அவளுக்குக் கீழ்ப்பல் ஒன்று கூசியது. ஐப்பசி மழையில் மேல வரிசை முழுக்க ஒழுகியது, அவளுக்கு மேல்பல் முழுக்கச் சில்லிட்டுப் போய் வெறும் கஞ்சி குடித்துக் கிடந்தாள். பொங்கலுக்கு லைனே வெள்ளையடித்தது, அவள் சிரிப்பு பளீரென்று ஆனது. தண்ணித் தொட்டி மூலையில் மில்காரர்கள் கடைசி வீட்டைக் கட்டி முடித்த மாதம், அவளுக்குக் கடைசிப் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்தது. "அப்ப சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு லைன் ஜனம் குழாயடிக்குத் தண்ணி பிடிக்கப் போய்விட்டது.

அதிசயமாவது ஒன்றாவது. குழாயில் தண்ணி வருகிற நேரத்தில் நின்று வாய்பிளக்க யாருக்கு முடியும்? காலையில் குடத்தை வைத்துவிட்டு, "எக்கா, எங்க வீடு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள், அவளும் நாக்கால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பின்சுவரைப் பாருங்க, லேசா ஆடுது" என்பாள், போய்ப் பார்த்தால் ஆடும். கரும்பு கடிக்க அவளுக்குத் தடை, எள்ளுருண்டைக்குத் தடை, கறிச்சோறு போடுகிற பந்தியில் எலும்பைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள பக்கத்து இலையில் எப்போதும் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் அவளைச் சிரிக்கச் சொல்வார்கள். அவள் புருஷன் கோமதிநாயகத்துக்குத்தான் இதெல்லாம் ஆகாது. "எம் பொண்டாட்டி என்ன நோட்டீஸ் போர்டா?" என்பார். அவர் லைன் நலச்சங்கத்துச் செயலாளர், நிஜமான நோட்டீஸ் போர்டின் சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

பயம் என்று ஒன்று வந்தது ஒரே ஒரு தடவைதான். குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்து அவளுக்கு மேல் முன்பல் ஒன்று போன அன்று, மேல வரிசை நடுவில் இருந்த துரைச்சாமி வீடும் போய்விட்டது. இடியவில்லை, எரியவில்லை, ஒரு சத்தமில்லை. குலசாமிக்கு மொட்டை போடப் போயிருந்த குடும்பம் திரும்பி வந்து பார்த்தால் வாசல்படிகூட இல்லை, வழவழவென்று சிவந்த மண்தான் கிடந்தது. பாவம், கட்டின துணியோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்கள். அந்த இடத்தில் இப்போது மினிவேன் நிறுத்துகிறார்கள்.

இப்படி இருக்கையில்தான் புரட்டாசி மாதம் செல்லக்கனிக்குக் கடைவாய் வலி வந்தது. லேசில் வருகிற வலியா அது? மேலே, இடது பக்கம், தொட்டி மூலையிலிருந்து எண்ணினால் மூன்றாவது பல். காதைக் குடைந்து, நெற்றிப்பொட்டைக் குடைந்து, கண்ணைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுகிற மாதிரி வலித்தது. கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணி கொப்பளித்தாள், மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்றாள், ரெண்டு நாள் அடங்கி மறுபடி கிளம்பியது. அவளுக்கு வலித்தால் லைனே தூங்காது. எந்தப் பல், எந்தப் பல் என்று ஆளாளுக்கு அவள் வாயைப் பார்த்தார்கள். மேல வரிசையில் தொட்டிப் பக்கத்திலிருந்து மூன்றாவது வீடு ஆவுடையின் வீடு.

ஆவுடை புருஷனை இழந்தவள், பிள்ளை குட்டி கிடையாது, இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறவள். அவள் வீடும் செல்லக்கனி வீடும் நேருக்கு நேர், இந்த வாசலில் நின்று கூப்பிட்டால் அந்த அடுப்படிக்குக் கேட்கும். லைனே "செல்லக்கா" என்று கூப்பிடுகிறவளை "கனி" என்று கூப்பிடுகிற ஒரே ஆள் ஆவுடைதான். இந்த வீட்டுப் புளிக்குழம்பு அங்கே போகும், அந்த வீட்டுச் சட்னி இங்கே வரும், செல்லக்கனி மகள் கல்யாணத்துக்கு விடிய விடிய மாவாட்டிக் கை வீங்கிப் போனவள் அவள்.

அந்த ஆவுடையைப் பற்றி இப்போது லைன் பேசத் தொடங்கியது. கிரைண்டர் சத்தம்தான் சுவரை ஆட்டுது என்றது ஒரு வாய், மாவுத் தண்ணியை அஸ்திவாரத்தில் ஊற்றுகிறாள் என்றது இன்னொரு வாய், தனியாக இருக்கிற பொம்பளை வீட்டில் என்ன நடக்குதோ என்றது நாக்கில் நரம்பில்லாத ஒரு வாய். மாவு வாங்குவதை நிறுத்தினார்கள். கடையிலிருந்து பாக்கெட் மாவு வாங்கிக் கல்லு கல்லாக இட்லி அவித்துத் தின்றார்கள், அப்போதும் யாரும் குறை சொல்லவில்லை.

சங்கக் கூட்டம் போட்டார் கோமதிநாயகம். பல் கெட்டுப்போனால் எடுத்துத்தான் ஆக வேண்டும், பல்லை எடுத்தால் வீடு போகும், வீடு போவதற்கு முன்னால் ஆள் காலி பண்ண வேண்டும், துரைச்சாமி குடும்பத்துக்கு ஆன கதி இன்னொருத்தருக்கு ஆகக் கூடாது என்று நியாயமாகத்தான் பேசினார். கீழ வரிசை இசக்கியப்பன் எழுந்து தொண்டையைச் செருமினார். அவர் வீடு செல்லக்கனி வீட்டுக்கு வலது கைப் பக்கம்.

"அண்ணாச்சி, எங்க பின்சுவரும் ஊறித்தான் கிடக்கு. உங்களுக்கு இடது பக்கம் லூர்து மேரி வீட்டுலயும் அப்படித்தான், புள்ளைக்கு இளைப்பு விட மாட்டேங்குது. உங்க பின்ரூமு கட்டுன பிறகு சாக்கடை..."

"இப்ப பேச்சு பல்லைப் பத்தி," என்றார் கோமதிநாயகம். "ஏளா, எல்லார் முன்னாலயும் சொல்லு. வலி மேலயா, கீழயா?"

செல்லக்கனி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பின்னால் சுவரோரம் ஆவுடை நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை செல்லக்கனி, வலி மேலேதான் இருந்தது, விரலை வைத்து அழுத்தினால் உயிர் போனது. வாயைத் திறந்து, விரலை வைத்து, "மேல" என்றாள். சொன்ன பிறகு ஆவுடை பக்கம் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் ஆனது.

அதற்குப் பிறகு எதிர் வாசல் கதவு திறந்தே இருந்தும் செல்லக்கனி அங்கே போகவில்லை. என்னத்தைச் சொல்ல, எந்த முகத்தோடு சொல்ல என்று அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். தாடை வீங்கியது, வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை, காய்ச்சல் அடித்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஆவுடை ஒற்றை ஆளாகத் தன் சாமான்களை ரோட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தாள், பாயும் பானையும் புருஷன் படமும் மண்ணில் வரிசையாக இருந்தன, ஒரு கை கொடுக்க யாருமில்லை. செல்லக்கனி புருஷனோடு ஆட்டோவில் ஏறி, அந்தப் பக்கம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

பல் டாக்டர் பெனிட்டா அந்த ஊர்ப் பெண்தான், லைன் விவகாரம் அவளுக்குப் புதிதில்லை. செல்லக்கனியை நாற்காலியில் சாய்த்து, வாயைப் பார்த்து, மேல்பல்லைத் தட்டிப் பார்த்து, கீழே ஒன்றைத் தட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"மேல இருக்கிற பல்லுக்கு ஒரு குறையும் இல்லம்மா. இன்னும் முப்பது வருஷம் நிக்கும்."

"வலி அங்கதானே டாக்டர்?" என்றார் கோமதிநாயகம்.

"வலி அங்க தெரியுது. கெட்டுப்போனது கீழ. ரெண்டு வரிசைக்கும் ஒரே நரம்புலேர்ந்துதான் கிளை பிரியுது, அதனால கீழ உள்ளது கெட்டா மேல உள்ளது அழும். நெறையப் பேர் நல்ல பல்லைக் காட்டித்தான் பிடுங்கச் சொல்லுவாங்க." பேனா முனையால் திரையைத் தொட்டுக் காட்டினாள். "இதான். நேர் கீழ. வேர் வரைக்கும் பிளந்து சீழ் கட்டியிருக்கு, அடைச்சுக் காப்பாத்த முடியாது. இங்க பாருங்க, ரெண்டு பக்கத்துப் பல்லோட எலும்பையும் தின்னுக்கிட்டு இருக்கு. இதை எடுத்துட்டா அது ரெண்டும் பிழைச்சுக்கும். விட்டா மூணும் போகும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "யார் வீடும்மா அது?"

"எங்க வீடு," என்றாள் செல்லக்கனி.

கோமதிநாயகம் திரையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "டாக்டர், நீங்க மேல உள்ளதையே எடுத்துருங்க. தீர்மானம் போட்டாச்சு" என்றார்.

"நல்ல பல்லை நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப ரெண்டும் வேண்டாம். மாத்திரை எழுதிக் குடுங்க."

"மாத்திரைக்கு வத்தும், மறுபடி வீங்கும். அடுத்த தடவை தொண்டைக்கு இறங்கினா மூச்சடைக்கும். அப்புறம் வீட்டை வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?"

செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். பின்ரூமை அவள்தான் கேட்டாள். மகள் பிரசவத்துக்கு வரும்போது காற்றோட்டமாக ஒரு ரூம் வேணும் என்று நச்சரித்துக் கட்ட வைத்தவளே அவள்தான், கீழ வரிசைக்கெல்லாம் பொதுவான சாக்கடை மேல் கல்லைப் பரப்பிச் சுவரை எழுப்பினார்கள், பேத்தி பிறந்தது அந்த ரூமில்தான், குழந்தை முதல் முதலாகக் குப்புற விழுந்தது அந்தத் தரையில்தான். அடியில் தண்ணி அடைத்துத் தேங்கிப் பக்கத்துச் சுவர்களில் ஏறியதும் அவளுக்குத் தெரியும். லூர்து மேரி மகன் ராத்திரியெல்லாம் இளைக்கிற சத்தம் சுவர் வழியாக அவளுக்குத்தான் கேட்டது. நாக்குக்கு அந்தப் பல்லின் குழி எப்போதோ தட்டுப்பட்டிருந்தது, அந்தப் பக்கம் போகாமல் நாக்கைப் பழக்கி வைத்திருந்தாள்.

"கீழ உள்ளதை எடுங்க டாக்டர்."

கோமதிநாயகத்துக்கு முகம் கறுத்துப்போனது. "வீட்டை விட்டுட்டு நடுத்தெருவுல நிக்கச் சொல்லுதியா? நான் பின்ரூமு எடுத்துக் கட்டுன வீடுளா அது."

"இன்னொருத்தியை நிக்கச் சொன்னோமே. இன்னிக்குக் காலையில நின்னாளே."

"நான் போயி வீட்டுக்குள்ள உக்காருதேன்," என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "புருஷன் உள்ள இருக்கும்போது எப்படி இழுக்கன்னு பாப்போம்." ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

டாக்டர் ஊசியோடு நின்றாள். போடவா வேண்டாமா என்று கண்ணாலேயே கேட்டாள். "போடுங்க" என்று சொல்லிவிட்டு, மருந்து ஏறித் தாடை மரக்கத் தொடங்கும்போதே செல்லக்கனி போனை எடுத்தாள். லைனில் யாரைக் கூப்பிடுவது? கோமதிநாயகத்தை எதிர்த்துப் பேசுகிற ஆள் ஒன்று உண்டா? விரல் போய் நின்றது ஒரு பேரில்தான். ஒரு தடவை மணி அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. ரெண்டாவது தடவை எடுத்தாள்.

"சாமானெல்லாம் எடுத்தாச்சு," என்றது ஆவுடை குரல். "கிரைண்டரைத் தூக்கத்தான் ஆளில்ல. அது கிடந்துட்டுப் போவட்டும், பிடுங்கச் சொல்லு."

"ஆவுடை, உன் வீடு இல்ல. எங்க வீடு."

மறுமுனையில் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எக்ஸ்ரேல தெரிஞ்சிட்டு. கெட்டது கீழ உள்ளது. அவுக வந்து வீட்டுக்குள்ள உக்காரப் போறாக, எந்திரிக்க மாட்டாக. எப்படியாவது வெளிய கொண்டு வாளா. ஊசி போட்டாச்சு."

"நானா?" என்றாள் ஆவுடை. "நல்லா இருக்கு உன் நியாயம்." ஆனால் போனை வைக்கவில்லை.

டாக்டர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகில் பிடித்துக்கொண்டாள். மரப்பு உதட்டில் ஏறியது, நாக்குப் பாதிக்கு ஏறியது. போனில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம், கதவு படாரென்று திறக்கிற சத்தம், ஆட்கள் கூடுகிற சத்தம். "அண்ணாச்சி, வெளிய வாங்க அண்ணாச்சி" என்றது இசக்கியப்பன் குரல். "அவன் அவன் வேலையைப் பாருங்கடா" என்றது கோமதிநாயகம் குரல். லூர்து மேரி ஏதோ கெஞ்சினாள். யாரோ சங்கத் தலைவரைக் கூப்பிடலாம் என்றார்கள், தலைவர் மதுரைக்குப் போயிருப்பதாக இன்னொருவர் சொன்னார். அந்த மனுஷனைச் செல்லக்கனிக்குத் தெரியும், வீம்புக்கு உட்கார்ந்தால் வீட்டோடு போய்விடுவார், அப்படி ஒரு ஆள்.

பிறகு ஆவுடையின் குரல் பக்கத்தில் கேட்டது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணாச்சி." கட்டில் கிரீச்சென்றது.

"ஏம்மா, நீ எதுக்கு உள்ள வந்த?"

"காலி பண்ணச் சொன்னீங்க, பண்ணிட்டேன். எனக்குப் போக்கிடம் கிடையாது. இந்த வீடு போவுதாம்ல, நானும் சேர்ந்து போறேன்."

"எந்திரி. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். லூர்து, அந்தக் கதவைச் சாத்து தாயி, வெயில் மூஞ்சில அடிக்கி."

கதவு நகர்கிற சத்தம் கேட்டது.

"ஏய், கதவைச் சாத்தாத" என்று பதறினார் கோமதிநாயகம். லைனே வாசலில் நின்று பார்க்க, அடுத்தவன் பெண்டாட்டியாக இருந்தவளோடு ஒரே கட்டிலில், சாத்திய கதவுக்குள் நலச்சங்கச் செயலாளர். உயிர் போனால் போகட்டும் என்று இருந்த மனுஷன், மானம் போகிறது என்றதும் எழுந்துவிட்டார். செருப்புக்கூட இல்லாமல் விழுந்தடித்து ஓடி வருகிற காலடிச் சத்தம் போனில் கேட்டது, கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

"வந்துட்டாக," என்றாள் ஆவுடை.

"நீ?" என்று கேட்டாள் செல்லக்கனி. நாக்கு புரளவில்லை. "நீ வெளிய வந்தியா?"

பாத்திரம் உருள்கிற சத்தம், பீரோ கதவு, எதையோ இழுக்கிற சத்தம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆவுடை" என்று செல்லக்கனி கூப்பிட்டதில் பாதி எழுத்து வெளியே வரவில்லை. பல் தானாகவே ஆடுவதுபோல் இருந்தது அவளுக்கு, ஒரு இருமல் வந்தால் கழன்று விழுந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். ஆவுடைக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் இந்த வாய் இருந்து என்ன, போய் என்ன.

"உன் பேத்தி போட்டோவைக் காணோம்னு தேடினேன்," என்றது போன், மூச்சிரைக்க. "எடுத்துட்டேன். சாமான் எல்லாத்தையும் இசக்கி வெளிய வாங்கிக்கிட்டாரு. நானும் ரோட்டுல நிக்கேன். இழுக்கச் சொல்லு, கனி."

டாக்டர் இடுக்கியை வைத்தாள். வலி இல்லை, அழுத்தம்தான், தலையோடு தாடை பிய்ந்து வருகிற மாதிரி ஒரு அழுத்தம். ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு, வேர் விடமாட்டேன் என்றது, பிறகு விட்டது. போனில் கூட்டத்தின் இரைச்சல் சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு தண்ணி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது, கலகலவென்று, ரொம்ப நாள் அடைபட்டுக் கிடந்த தண்ணி.

குழியில் பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னாள் டாக்டர். "அரை மணி நேரம் எடுக்கக் கூடாது. துப்பக் கூடாது, பேசக் கூடாது, பேசினா ரத்தம் நிக்காது."

ஆட்டோ லைனுக்குள் நுழைந்தபோது கீழ வரிசையில் வானம் தெரிந்தது. இசக்கியப்பன் வீட்டுக்கும் லூர்து மேரி வீட்டுக்கும் நடுவில் சிவந்த மண், அதற்குப் பின்னால் சாக்கடை வெயிலில் மினுங்கிக்கொண்டு ஓடியது, ரெண்டு பக்கத்துச் சுவரிலும் பச்சைப் பாசி ஏறியிருந்த உயரம் அப்படியே தெரிந்தது. அந்தச் சுவர்கள் கார்த்திகைக்குள் காய்ந்ததும், லூர்து மேரி மகன் இளைக்காமல் தூங்கியதும், செல்லக்கனியின் பக்கத்துப் பற்கள் ரெண்டும் ஆட்டம் நின்று ஈறோடு இறுகியதும், அவள் காது குடைச்சல் இல்லாமல் சோறு தின்றதும் எல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு ஜனம் அந்த இடத்தைச் சுற்றி நின்றது, கொஞ்ச நேரம் உச்சுக் கொட்டியது, இங்கே ரெண்டு பைக் நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் நீளத்தைக் காலடி வைத்து அளக்க ஆரம்பித்தார். கோமதிநாயகம் ரோட்டில் கிடந்த தன் கட்டிலில் வீடு இருந்த திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

ஆவுடை தன் வாசலில் நின்று பானைகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனி ரோட்டைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"உன் சாமானை எங்கன வைக்கன்னு தெரியல," என்றாள் ஆவுடை, நிமிராமலே. "மழை வந்தா நனைஞ்சிரும். எங்க முன்ரூமுல வச்சுக்கோ." ஒரு பானையை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். "எல்லார் முன்னாலயும் விரலை வச்சுக் காட்டினியே, அதுகூடப் பரவால்ல, வலி உனக்கு அங்கதான் இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல, கனி? எதிர் வீடுதானே? நான் கதவைத் திறந்துதானே வச்சிருந்தேன்?"

செல்லக்கனி வாயிலிருந்த பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "தப்புப் பண்ணிட்டேன் ஆவுடை" என்றாள். மரத்த உதட்டில் சொல் குழறியது, ரத்தம் தாடையில் இறங்கிச் சேலையில் சொட்டியது. ஆவுடைக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு தடவை, ஒவ்வொரு எழுத்தாக, முழுசாகச் சொன்னாள்.

"கேட்டுச்சு," என்றாள் ஆவுடை. "பஞ்சை வை."